எதிரிக்கும் அதே மந்திரப் புத்தகம்

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டை இன்னுமா விடவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பால்டர்ஸ் கேட் 2-ஐத்தான் சொல்கிறார்கள். விடவில்லை, விடுகிற எண்ணமும் இல்லை. ஆனால் நான் இப்போது ஆடுவதைப் பயோவேர் நிறுவனம் அன்று வெளியிட்ட அதே ஆட்டம் என்று சொல்லிவிட முடியாது. அதன்மேல் ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜம்ஸ் என்ற மாட் (ரசிகர்கள் ஆட்டத்தில் செய்யும் மாற்றம்) ஏறியிருக்கிறது. ரசிகர்கள் சுருக்கமாக எஸ்சிஎஸ் என்பார்கள். கதை, ஊர்கள், ஆட்கள் எல்லாம் பழையவைதான். எதிரிகள் சண்டை போடும் விதம் மட்டும் தலைகீழாக மாறிவிடுகிறது. அந்தச் சண்டைகளைப் பற்றித் தமிழில் நிதானமாக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நீளமான பதிவு, டீயோடு உட்காருங்கள்.

முதலில் ஆட்டமே தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஆறு பேர் வரை கொண்ட ஒரு பார்ட்டியை நீங்கள் நடத்துகிறீர்கள். ஃபைட்டர் (போர்வீரன்), க்ளெரிக் (பூசாரி), மேஜ் (மந்திரவாதி), தீஃப் (திருடன்) என்று ஆளுக்கொரு தொழில். அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பின் விதிகள்தான் அடித்தளம். சண்டை நிகழ்நேரத்தில் ஓடும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் அப்படியே நிற்கும். யோசித்து, ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்து, மறுபடி தட்டினால் ஓடும். 2013-இல் பீம்டாக் நிறுவனம் என்ஹான்ஸ்டு எடிஷனைக் கொண்டுவந்ததால் இன்றைய லேப்டாப்களிலும் சிக்கலில்லாமல் ஓடுகிறது.

கடினம் என்றால் என்ன?

ஒரு ஆட்டத்தைக் கடினமாக்க மிகச் சுலபமான வழி, எண்களைக் கூட்டுவது. பால்டர்ஸ் கேட்டிலேயே அது உண்டு. இன்சேன் நிலைக்குப் போனால் எதிரி அடிக்கும் ஒவ்வொரு அடியும் இரட்டிப்பாகும். அதே ஆள், அதே இடத்தில் நின்று, அதே வரிசையில் அதே காரியங்களைத்தான் செய்வான். அடி மட்டும் பலமாக விழும். அதனால் நீங்கள் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. மருந்துப் புட்டிகள் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

ரசிகர்கள் வெகு காலத்துக்கு முன்பே இதற்கு மாற்று தேடினார்கள். மாட்களை நிறுவ இன்று எல்லோரும் நம்பியிருக்கும் வெய்டியு என்ற கருவியை எழுதிய வெஸ் வெய்மர், டாக்டிக்ஸ் என்ற மாட்டையும் செய்தார். குறிப்பிட்ட சில சண்டைகளைக் கொடூரமாக்கியது அது. பால்டர்ஸ் கேட் 2-இன் எழுத்தாளர்களில் ஒருவரான டேவிட் கெய்டர், அசென்ஷன் என்ற மாட் மூலம் கதையின் கடைசிப் போரையே விரித்து எழுதினார். அதற்கடுத்த பெரிய அடி, டேவிட்டபிள்யூ என்ற பெயரில் எழுதுபவருடையது. அவர் கைவைத்தது ஏதோ நாலைந்து சண்டைகளில் அல்ல. ஆட்டம் முழுவதிலும் இருக்கும் மேஜ், க்ளெரிக், டிராகன், பிஹோல்டர், வாம்பயர், சாதாரணக் கொள்ளைக்காரன் வரை எல்லோருக்கும் யோசிக்கக் கற்றுக்கொடுத்தார். அதுதான் எஸ்சிஎஸ்.

அதன் அடிப்படைக் கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது: எதிரி கையில் இருக்கும் ஸ்பெல்கள், அதாவது மந்திரங்கள், உங்கள் மேஜின் புத்தகத்திலும் இருப்பவை, எதிரி குடிக்கும் மருந்து கடையில் நீங்களும் வாங்கக்கூடியது. பழைய ஆட்டம் ஆடுபுலி ஆட்டம் என்றால் இது சதுரங்கம். இரண்டு பக்கமும் ஒரே காய்கள், ஒரே நகர்வுகள். தோற்றால் எதிரியிடம் இருந்து உங்களிடம் இல்லாதது எது என்று தேட வேண்டியதில்லை. அவன் செய்து நீங்கள் செய்யாதது எது என்று தேடினால் போதும். பதில் கட்டாயம் கிடைக்கும். இந்த நேர்மைக்காகத்தான் இத்தனை வருடம் கழித்தும் இந்த மாட்டை மனதாரப் பாராட்டுகிறேன்.

மூன்று மதில்கள்

எஸ்சிஎஸ் சண்டைகளின் உயிர்நாடி மேஜ்கள். நன்றாக ஆடும் எதிரி மேஜ் மூன்று வகை மதில்களுக்குள் நிற்பான்.

முதலாவது, கண்ணை ஏமாற்றும் மதில். மிரர் இமேஜ் போட்டால் அவனைப் போலவே 2 முதல் 8 வரை போலி உருவங்கள் எழும். அடி போலிமேல் விழும். இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி இன்னும் மோசம். அவன் மங்கலாகத் தெரிவான், ஆனால் அவனைக் குறிவைத்து நேரடியாக ஸ்பெல் போட முடியாது. இந்த மதிலை உடைப்பது ட்ரூ சைட்.

இரண்டாவது, ஸ்பெல்லைத் தடுக்கும் மதில். ஸ்பெல் டிஃப்ளெக்‌ஷன் வருவதை விழுங்கிவிடும், ஸ்பெல் டர்னிங் போட்டவனுக்கே திருப்பி அனுப்பும். ஸ்பெல் இம்யூனிட்டி ஏதேனும் ஒரு வகை மந்திரத்தையே ஒட்டவிடாது. இவற்றைக் களைய சீக்ரெட் வேர்டு, பியர்ஸ் மேஜிக், ரூபி ரே ஆஃப் ரிவர்சல் என்று படிப்படியாக உண்டு. உச்சத்தில் ஒன்பதாம் நிலை ஸ்பெல்ஸ்ட்ரைக்.

மூன்றாவது, ஆயுதத்தைத் தடுக்கும் மதில். ஸ்டோன்ஸ்கின் தோலைக் கல்லாக்கும். இரண்டு லெவலுக்கு ஒன்று என்ற கணக்கில் அடுக்குகள் கிடைக்கும், ஒரு அடிக்கு ஒரு அடுக்கு உதிரும். 14-ஆம் லெவல் மேஜ் என்றால் ஏழு அடி வீண். அதற்கும் மேலே ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் மேஜிக்கல் வெப்பன்ஸ். பெயர் சொல்வது போலவே மந்திர ஆயுதம் எதுவும் அவன்மேல் ஏறாது. இந்த மதிலுக்கு மருந்து ப்ரீச் என்ற ஐந்தாம் நிலை ஸ்பெல்.

எஸ்சிஎஸ்-க்குப் புதிதாக வருபவர்கள் பலர் தடுமாறும் இடம் இந்த மூன்றின் வரிசை. ஃபைட்டர்களை ஏவிவிட்டு வாள்வீச்சு முழுவதையும் ஸ்டோன்ஸ்கின்மேல் கொட்டுவார்கள். இல்லையென்றால் குறிவைத்துப் போடும் ஸ்பெல்களை எல்லாம் ஸ்பெல் டிஃப்ளெக்‌ஷனுக்குத் தீனி போடுவார்கள். எந்த மதில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு உரியதை, உரிய வரிசையில் போட வேண்டும். இதைத் தாண்டி எஸ்சிஎஸ்-இல் பெரிய ரகசியம் கிடையாது.

டாக்ஸ் வட்டாரத்தில் ஒரு சண்டை

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அத்கட்லா நகரத்தின் டாக்ஸ் வட்டாரத்தில் கவுல்டு விசார்ட்ஸ் என்ற மந்திரவாதிகள் குழுவைச் சேர்ந்த ராயிக் கெத்ரஸ் இருக்கிறான். அவனைத் தீர்த்துக்கட்டும் வேலையை எட்வின் என்ற மேஜ் உங்களிடம் ஒப்படைப்பான். கதையின் முற்பகுதியில் வரும் சண்டை என்பதால் உங்களிடம் பெரிய ஸ்பெல்கள் அதிகம் இருக்காது. அதனாலேயே இது நல்ல பாடம்.

எஸ்சிஎஸ் மேஜ் ஸ்டோன்ஸ்கின் போன்ற நீண்ட நேரக் காப்புகளை முன்பே போட்டுக்கொண்டுதான் இருப்பான். ஆட்டத்தின் கணக்கில் ஸ்டோன்ஸ்கின் 12 மணி நேரம் நிற்கும், காலையில் எழுந்ததும் போட்டுக்கொள்ளாத மேஜ் யார்? உங்களைக் கண்டதும் முன்பே தயாராக வைத்திருந்த கன்டின்ஜென்சி ஸ்பெல் வெடித்து இன்னும் ஓரிரண்டு காப்புகள் ஒரே நொடியில் ஏறும். எவை என்பது மேஜுக்கு மேஜ் மாறும். சண்டைப் பதிவில் வரும் வரிகளைப் படிக்கும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

முதல் சுற்று. எதிரியைக் கண்டதும் பாய்வதை விடுங்கள். கெல்டார்ன் என்ற துணைவன் பார்ட்டியில் இருந்தால் ட்ரூ சைட் அவன் வேலை. இன்குவிசிட்டர் என்பதால் கண்சிமிட்டும் நேரத்தில் போட்டுவிடுவான். அவன் இல்லையென்றால் க்ளெரிக் போடட்டும், கொஞ்சம் தாமதமாகும். போலி உருவங்கள் மறையும், மங்கல் போகும். அதே நேரத்தில் உங்கள் மேஜ் ஸ்பெல்லை ஓதாமல் காத்திருக்கட்டும். குறி தெரியாத இடத்தில் அவசரப்பட்டால் சுற்று வீணாகும்.

இரண்டாம் சுற்று. இப்போது அவனைக் குறிவைக்கலாம். ப்ரீச். ஸ்டோன்ஸ்கின்னும் மற்ற ஆயுதக் காப்புகளும் ஒரே வீச்சில் உதிரும்.

மூன்றாவது, வில்லும் வாளும். அதுவரை ஒரு கீறல் விழாதவன் அரைச் சுற்றில் தரையில் கிடப்பான். மேஜ்களுக்கு உயிர்ப்புள்ளி குறைவு, மதில்தான் அவர்கள் பலம்.

இதற்கிடையில் அவன் கைகட்டி நிற்கமாட்டான். கன்ஃப்யூஷனோ க்ளவுட்கில்லோ ஓத ஆரம்பிப்பான். அங்கே காது முக்கியம். இந்த ஆட்டத்தில் மந்திர வகைகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஓதல். "வீட்டா, மோர்ட்டிஸ், கேரியோ" என்று கேட்டால் உயிரை உறிஞ்சும் வகை வருகிறது என்று அர்த்தம். அந்தக் குரல் காதில் விழுந்த நொடியில் ஸ்பேஸ் பாரைத் தட்டி, ஆட்களைச் சிதறவிடுங்கள். கும்பலாக நிற்பவர்களுக்குத்தான் ஒரே ஸ்பெல்லில் சாவு.

வழி திறந்த நொடி

மதில் உடைக்கும் இந்த வித்தைக்கு மிக நல்ல விளக்கம் எனக்கு என் தெருவிலேயே கிடைத்தது. நான் குடியிருப்பது ஹைதராபாத்தின் சைனிக்புரியில். ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு இது. ராணுவ, கடற்படை, விமானப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரியும் இங்கேதான். ஹக்கீம்பேட்டைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்களின் சத்தம் பகலெல்லாம் கேட்கும். வாசல் பலகைகளில் பெயருக்கு முன்னால் ராணுவப் பதவி இருக்கும். எங்கள் தெருவில், ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார், வேலூர்க்காரர். மாலை நடை முடிந்து எங்கள் வீட்டில் வந்து உட்காருவார். ஒருநாள் திரையைப் பார்த்து, "என்ன தம்பி, இவன்மேல ஒண்ணும் ஏறல?" என்றார். மதில்களைப் பற்றியும் ப்ரீச் பற்றியும் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார்.

அவர் படைப்பிரிவுக்கும் இந்த விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முள்கம்பி வேலிக்கு அடியில் நீளக் குழாயில் வெடிமருந்தைச் செருகித் தள்ளி, வெடிக்கவைத்து, வழி திறக்கும் கருவிக்குப் பெங்களூர் டார்பிடோ என்று பெயர். 1912-இல் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. 1944-இல் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் வேலி உடைத்ததும் இதை வைத்துத்தான்.

சுபேதார் சொன்னது இது: "வேலியத் தொறக்கிறது பாதி வேலைதான் தம்பி. தொறந்த அந்த நொடி காலாட்படை உள்ள ஓடணும். அவங்க அப்பத்தான் பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டு இருந்தா, எதிரி அந்தச் சந்துக்கே மெஷின்கன்னத் திருப்பிருவான். சாப்பர் வெடி வெக்கிறதுக்கு முன்னாடியே அவங்க பக்கத்துல படுத்திருக்கணும்."

எஸ்சிஎஸ்-க்கு இதைவிடச் சிறந்த அறிவுரையை நான் எங்கும் படித்ததில்லை. ப்ரீச் விழுந்த பிறகு ஃபைட்டரை அனுப்பினால், அவன் அறையைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் எதிரி அடுத்த ஸ்டோன்ஸ்கின்னைப் போட்டுவிடுவான். ஒரு சுற்று என்பது 6 வினாடி. ஓதும் நேரம் ஒரு புள்ளி என்றால் 0.6 வினாடி. ப்ரீச்சுக்கு ஐந்து புள்ளி, அதாவது 3 வினாடி. உங்கள் மேஜ் ப்ரீச்சை ஓத ஆரம்பிக்கும்போதே ஃபைட்டர் எதிரியின் பக்கத்தில் நிற்க வேண்டும், வில்லாளியின் அம்பு நாணில் ஏறியிருக்க வேண்டும். மதில் விழுவதும் அடி விழுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

நேரமும் ஒரு ஆயுதம்

எஸ்சிஎஸ் ஆடப் பழகினால் எல்லாவற்றையும் சுற்றுக்கணக்கில் பார்க்க ஆரம்பிப்பீர்கள். மந்திர ஆயுதங்களைத் தடுக்கும் காப்பு 4 சுற்றுதான், 24 வினாடி. மேண்டில் என்ற இன்னொரு ஆயுதக் காப்பும் அப்படியே. உடைக்க ஸ்பெல் இல்லையா? கதவுக்கு வெளியே பின்வாங்குங்கள். காப்பு கரைவதற்குள் அவன் கையில் இருக்கும் நல்ல ஸ்பெல்களில் சில செலவாகியிருக்கும்.

ஒரு சின்ன நுணுக்கம். மந்திர ஆயுதக் காப்பு, பெயருக்கேற்ப மந்திர ஆயுதத்தை மட்டுமே தடுக்கும். மந்திரமே இல்லாத சாதா வாள் உள்ளே போகும். ஆகவே பார்ட்டியில் ஒருவர் கையில் மலிவான இரும்பு வாள் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மேண்டிலின் கணக்கு வேறு. மந்திர வலிமை +2 வரையுள்ள ஆயுதத்தை அது தடுக்கும், +3 நுழையும். இம்ப்ரூவ்டு மேண்டில் +3 வரை தடுக்கும். எதிரி போட்டது எது என்று படித்துப் பார்த்து ஆயுதத்தை மாற்றுபவர் ஒரு ஸ்பெல்லை மிச்சம் பிடிக்கிறார்.

அதேபோல் ஓதலைக் கலைப்பது. ஓதிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு புள்ளி காயம் பட்டாலும் ஸ்பெல் பாழ். மேஜிக் மிஸைலுக்கு ஓதும் நேரம் ஒரே ஒரு புள்ளி. எதிரி பெரிய ஸ்பெல்லுக்குக் கை தூக்கியதும், காப்பில்லாதவன் என்றால் முதல் நிலையின் அந்தச் சிறிய ஸ்பெல்லே போதும். தீ அம்பும் உதவும். ஸ்டோன்ஸ்கின் அம்பைத் தடுத்தாலும் தீ சுடும்.

உங்களுக்கும் அதே கதிதான்

நீங்கள் எதிரிக்குச் செய்யும் எல்லாவற்றையும் எதிரி உங்களுக்குச் செய்வான். ஹேஸ்ட், பிளெஸ் என்று அடுக்கிக்கொண்டு போனால் முதல் சுற்றிலேயே ரிமூவ் மேஜிக் விழும். உங்கள் மேஜ் ஸ்டோன்ஸ்கின்னை நம்பி முன்னால் நின்றால் அவன்மேல் ப்ரீச் வரும். எலும்புக்கூட்டு வீரர்களை வரவழைத்து வேலியாக நிறுத்தினால் டெத் ஸ்பெல் ஒன்றால் மொத்தத்தையும் துடைத்துவிடுவான். ஆனால் அந்த டெத் ஸ்பெல் உங்கள் ஆள்மேல் விழவேண்டிய ஒரு ஆறாம் நிலை ஸ்பெல். எலும்புக்கூடுகள் செத்தாலும் கணக்கில் நீங்கள்தான் லாபம்.

மைண்ட் ஃப்ளேயர் வேறு வகை ஆபத்து. அது ஒவ்வொரு முறை தொடும்போதும் புத்திப் புள்ளியில் 5 குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் மரணம். புத்தி 8 உள்ள மின்ஸ்க், உடலில் நூறு உயிர்ப்புள்ளி இருந்தாலும் இரண்டு தொடுதலில் போய்விடுவான். அங்கே பலசாலியை முன்னால் நிறுத்தும் வழக்கம் செல்லாது. கேயாட்டிக் கமாண்ட்ஸ் போட்டு மனதைக் காத்துக்கொண்டு, வரவழைத்த உயிர்களை முன்னால் விட்டு, தூரத்திலிருந்து அம்பெய்ய வேண்டும்.

விண்ட்ஸ்பியர் மலையின் சிவப்பு டிராகன் ஃபிர்க்ராக், இறக்கையை வீசினால் சுற்றி நிற்பவர்கள் தூக்கி எறியப்படுவார்கள். தீக்காப்பு போட்டிருக்கிறோம் என்று எல்லோரும் நெருக்கி நின்றால், அதைக் களைந்துவிட்டு மூச்சை விடும். ஆறு பேரும் ஆறு திசையில் நில்லுங்கள். லோயர் ரெசிஸ்டன்ஸ் போட்டு அதன் மந்திர எதிர்ப்பைக் கரையுங்கள், கிரேட்டர் மலிசன் போட்டுத் தாங்கும் திறனைக் குறையுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம்.

பிற்பகுதியில் வரும் பெரிய மேஜ்கள் வரிசைப் பாடத்தின் இறுதித் தேர்வு. அப்ஜுரேஷனுக்கு எதிராக ஸ்பெல் இம்யூனிட்டி போட்டுக்கொண்டவன்மேல் ப்ரீச் ஒட்டாது. முதலில் ரூபி ரே, பிறகு ப்ரீச். அவன் ஸ்பெல் டர்னிங்கும் போட்டிருந்தால், ரூபி ரே உயர்ந்த நிலைக் காப்பைத்தான் முதலில் எடுக்கும், ஆகவே இன்னொன்று கையில் வேண்டும். டாக்ஸ் வட்டாரத்திலேயே இருக்கும் கங்காக்ஸ் என்ற லிச் (செத்தும் சாகாத மேஜ்), டெமிலிச்சாக மாறிய பிறகு உங்கள் ஆட்களை ஒவ்வொருவராக மண்ணுக்குள் அடைத்துவிடும். பெர்செர்க்கரின் வெறி நிலைக்கு அந்தச் சிறை கிடையாது. பெர்செர்க்கரான கோர்கன் கையில் +4 ஆயுதத்தைக் கொடுத்து அனுப்புங்கள். எந்த ஆள் எதற்கு அசையமாட்டான் என்ற அறிவுதான் அங்கே ஆயுதம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

மாட்டை நிறுவும் முன் ஆட்டத்தின் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவையுங்கள், அப்டேட் வந்தால் மாட் குலைந்துவிடும். பழைய சேவ் கோப்பில் நுழைக்காமல் புதிய ஆட்டமாகத் தொடங்குங்கள். எஸ்சிஎஸ் ஒரே மூட்டையாக வராது. வெய்டியு ஒவ்வொரு பகுதியாகக் கேட்கும். முதல் முறைக்கு, பொதுவான புத்தி மேம்பாடு, மேஜ், க்ளெரிக் இவை போதும். எதிரிகள் எவ்வளவு காப்புகளோடு சண்டைக்கு வர வேண்டும் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அரூப மேஜையும் ப்ரீச் போன்றவை எட்டும்படி செய்யும் ஒரு பகுதி உண்டு. புதியவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம், முதல் மதிலின் சுமை குறையும். டிராகனும் பிஹோல்டரும் இரண்டாம் ஆட்டத்துக்கு இருக்கட்டும்.

எதிரி முன்பே காப்பு போட்டு வருவது ஏமாற்று வேலை என்று சில ஆட்டக்காரர்கள் கோபப்படுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அவன் வீட்டுக் கதவை உடைக்கும் முன் நாமும்தான் வெளியே நின்று ஆறு பேருக்கும் காப்பு போடுகிறோம். நமக்கு உள்ள உரிமையை அவனுக்கு மறுத்தால் அது சண்டையே அல்ல.

தோல்வி வரும், நிறையவே வரும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ரீலோடு செய்யும் முன் சண்டைப் பதிவை மேலே தள்ளி, எதிரி எந்த வரிசையில் என்ன போட்டான் என்று வாசியுங்கள். அந்த வரிசையை அப்படியே உங்கள் மேஜுக்குச் செய்து பாருங்கள், வேலை செய்யும். ஏனென்றால் அவன் புத்தகத்தில் இருப்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலும் இருக்கிறது. இப்படி எதிரியிடமே பாடம் கற்கலாம் என்று வடிவமைத்த ஆட்டங்கள் மிகக் குறைவு. கையில் பால்டர்ஸ் கேட் 2 இருப்பவர்கள் இந்த வார இறுதியிலேயே எஸ்சிஎஸ்-ஐ நிறுவுங்கள். மேஜ் ஐந்தாம் நிலை ஸ்பெல்லைத் தொட்டதும், முதல் இடத்தை ப்ரீச்சுக்குக் கொடுங்கள்.